வானொலி பயில்வோர்க்கு வகுத்த வரம்பு

வானொலிப் பெட்டியைத் திருகிப் பாட்டும் செய்தியும் கேட்போர் பலர். அப்பெட்டிக்குள் நிகழ்வது யாது என்று எண்ணிப் பார்ப்போர் சிலர். கேட்பதோடு அமையாமல், வீட்டின் ஒரு மூலையில் தாமே சிறு நிலையம் ஒன்று அமைத்து, முகமறியா அயலாரோடு உரையாட விழைவோர் மிகச் சிலர். ஊதியம் கருதாது, வாணிகம் நாடாது, அறிவும் நட்பும் பெருக்கும் பொருட்டே இவ்வாறு நிலையம் நடத்துவோரை அமெச்சூர்கள் என்பர். ‘ஹாம்’ என்னும் செல்லப் பெயரும் அவர்களுக்கு உண்டு. இதற்குத் தேர்வு எழுதி அரசின் உரிமம் பெறல் வேண்டும்.

பொழுதுபோக்குக்கு உரிமம் எதற்கு என்று சிலர் வினவலாம். ஏரி நீரைப் பல வயல்களுக்கும் முறைவைத்துப் பாய்ச்சுவது சிற்றூர் வழக்கம். முறையில்லாதவன் ஒருவன் நள்ளிரவில் மடையைத் திறந்துவிட்டால் கடைமடை வயல் காயும். வானலையும் அத்தகையதே. ஓர் அலை ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்கின்றதோ, அஃது அதன் அதிர்வெண் ஆகும். கப்பலுக்கு இவ்வளவு, வானூர்திக்கு இவ்வளவு, ஒலிபரப்பு நிலையத்துக்கு இவ்வளவு, அமெச்சூருக்கு இவ்வளவு என்று நாடுகள் தம்முள் உடன்பட்டு அதிர்வெண்களைப் பங்கிட்டுக் கொண்டுள்ளன. பழகாத கை ஒன்று தன் பங்கை மீறுமாயின், அதனால் தடைப்படுவது வெறும் பாட்டாக இருக்கலாம். நடுக்கடலில் உதவி வேண்டி நிற்கும் கப்பலின் குரலாகவும் இருக்கலாம்.

ஆயின், பழகாத கை பழகுவது எவ்வாறு? அலையனுப்பிப் பாராமல் அலையனுப்பும் கலை கைவருமா? நீந்தக் கற்ற பின்னரே நீரில் இறங்குக என்று சொல்வது போலன்றோ அது முடியும்! இச்சிக்கலுக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டினர் 1951ஆம் ஆண்டில் கண்ட விடை ஆராய்தற்கு உரியது.

அந்நாட்டில் அமெச்சூர்களுக்கு வரம்பு வகுத்தல் அன்று தொடங்கியதன்று. 1912ஆம் ஆண்டின் வானொலிச் சட்டம், அமெச்சூர்கள் 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தைப் பயன்படுத்தலாகாது என்றும், 1 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஆற்றலைப் பொறிக்குள் செலுத்தலாகாது என்றும் விதித்தது. கடற்படை நிலையத்துக்கு 5 கடல் மைல் தொலைவுக்குள் இருப்போர்க்கு அரைக் கிலோவாட்டே எல்லை. அக்காலத்து அறிஞர் பலர் நெட்டலைகளையே பயனுடையவை என்று கருதினர். குறுகிய அலைகள் எதற்கும் உதவா என்றே அவற்றை அமெச்சூர்களுக்கு விட்டுக் கொடுத்தனர். விட்டுக் கொடுத்ததை அமெச்சூர்கள் வீணாக்கவில்லை. 1923 நவம்பரில், ஏறத்தாழ 110 மீட்டர் அலைநீளத்தில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து அமெச்சூர்களும் பிரான்சின் நீஸ் நகரத்து அமெச்சூர் ஒருவரும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து செய்தி பரிமாறினர். ஒதுக்கிவிடப்பட்ட அந்தச் சிற்றலைகளே பின்னர் உலகெங்கும் சிற்றலை ஒலிபரப்பாக விரிந்தன.

இனி 1951க்கு வருவோம். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ‘நாவிஸ்’ என்னும் புதிய உரிமம் நடைமுறைக்கு வந்தது. புதிதாகப் பயில்வோர் என்பதே அச்சொல்லின் பொருள். மோர்சுத் தந்திக் குறிகளை நிமிடத்துக்கு 5 சொல் வீதம் அனுப்பவும் கேட்டறியவும் இயன்றவர், எளிய எழுத்துத் தேர்வு ஒன்றில் தேறினால் இவ்வுரிமத்தைப் பெறலாம். வயது வரம்பு கிடையாது. பள்ளிச் சிறுவர்களும் முதியோரும் ஒருங்கே பெற்றனர். அவர்களுடைய அழைப்புக் குறியின் இரண்டாம் எழுத்தாக ‘என்’ என்பது சேர்க்கப்பட்டது. அதனைக் கேட்டவுடனே மற்றையோர், ‘இவர் புதியவர்; மெல்லத் தட்டுவோம்’ என்று உணர்ந்து கொள்வர்.

உரிமத்தோடு வரம்புகளும் வந்தன. அவற்றுள் தலையாயவை இரண்டு. அலைபரப்பியின் இறுதி நிலைக்குள் செலுத்தும் மின்னாற்றல் 75 வாட்டைத் தாண்டலாகாது. அலைபரப்பியின் அதிர்வெண் படிகத்தால் கட்டுப்படுத்தப்பட வேண்டும்.

முதலில் 75 வாட்டை நோக்குவோம். இவ்வளவு ஆற்றல் ஏரியலிலிருந்து வெளிப்படலாம் என்று சட்டம் கூறவில்லை. இறுதி வால்வுக்குள் செல்லும் அளவையே அது குறித்தது. காரணம் எளியது. வெளிப்படும் ஆற்றலைத் திருத்தமாக அளக்கும் கருவி அந்நாளில் பயில்வோரிடம் இராது. உட்செல்லும் ஆற்றலையோ இரண்டு மீட்டர்களைக் கொண்டு எவரும் அளந்துவிடலாம். ஒரு மீட்டர் மின்னழுத்தத்தைக் காட்டும். மற்றொன்று மின்னோட்டத்தைக் காட்டும். இரண்டையும் பெருக்கினால் வாட்டு வரும். 750 வோல்ட்டு அழுத்தமும் 100 மில்லி ஆம்பியர் ஓட்டமும் இருப்பின் 75 வாட்டு. 600 வோல்ட்டும் 125 மில்லி ஆம்பியரும் ஆயினும் அதே 75 வாட்டு. இதில் ஏறத்தாழ 50 வாட்டு அலையாக வெளியேறும். எஞ்சியது வால்வைச் சுடவைப்பதோடு சரி. பயில்வோன் தானே அளந்து தானே உறுதி செய்துகொள்ளக் கூடிய விதியை வகுத்தது அறிவுடைமை என்றே சொல்ல வேண்டும். அளக்க இயலாத விதியைப் போற்றுதல் எவர்க்கும் அரிது.

உயர்நிலை உரிமம் பெற்றோர் 1000 வாட்டு வரை செலுத்தலாம் என்றிருக்க, 75 வாட்டு பெற்றவன் தன்னை எளியவனாகக் கருதிக் கொள்வது இயல்பு. ஆனால் கணக்கு வேறு விதமாகக் கூறுகின்றது. 1000 வாட்டு 75 வாட்டைப் போல் பதின்மூன்று மடங்குக்குச் சற்று மிகும். ஆயினும் தொலைவில் உள்ள ஏரியலில் எழும் மின்னழுத்தம் ஆற்றலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே உயரும். ஆதலின் அங்கே வேறுபாடு மூன்றரை மடங்குக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடுகின்றது. அலைவாங்கியில் குறியின் வலிமையைக் காட்டும் முள் ஏறத்தாழ இரண்டு படியே தாழும். அன்றியும், ஏரியலுக்குச் சட்டம் எவ்வரம்பும் விதிக்கவில்லை. மரத்துக்கு மரம் உயரமாகக் கம்பி கட்டியவனின் 75 வாட்டு, தாழ்வாரத்தில் கம்பியைச் சுருட்டி வைத்தவனின் பேராற்றலினும் தொலைவு சென்றது. 1957, 1958ஆம் ஆண்டுகளில் கதிரவனின் கரும்புள்ளிகள் மிக மிகுந்திருந்தன. அப்போது 21 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மேல்வானத்து மின்னடுக்கில் பட்டுத் திரும்பிப் பெருங்கடல்களை எளிதில் கடந்தன. பள்ளியிலிருந்து வீடு திரும்பிய சிறுவர்கள் சிற்றாற்றலோடு அயல்நாட்டாரை அழைத்து மறுமொழி பெற்ற காலம் அது.

ஆற்றலின் வரம்பு வேறொரு வகையிலும் நன்மை செய்தது. 1950களில் அமெரிக்க இல்லங்களில் தொலைக்காட்சிப் பெட்டி விரைந்து பரவி வந்தது. 21.15 மெகாஹெர்ட்ஸ் அலையின் மும்மடங்கு 63.45 மெகாஹெர்ட்ஸ்; அது 60 முதல் 66 வரை அமைந்த மூன்றாம் தொலைக்காட்சி வரிசையின் உள்ளே விழும். பயில்வோன் சாவியைத் தட்டும்போதெல்லாம் அண்டை வீட்டுத் திரையில் கோடுகள் ஓடின. ஆற்றல் குறைவாக இருந்தமையால் பூசல் ஒரு வீட்டோடு நின்றது. தெரு முழுதும் திரண்டு வரவில்லை.

இரண்டாம் வரம்பாகிய படிகமே பயில்வோனின் வாழ்வை மிகுதியும் மாற்றியது. அலையைத் தோற்றுவிக்கக் கம்பிச் சுருளும் மின்தேக்கியும் போதும். மின்தேக்கியைத் திருகினால் அதிர்வெண் விரும்பியவாறு மாறும். கேட்பதற்கு இது வசதி. ஆனால் பயில்வோன் கட்டிய பொறியில் இது தொல்லை. வால்வின் வெப்பத்தால் சுருள் விரியும். விரிந்தால் அதிர்வெண் நகரும். மேசை அதிர்ந்தாலும் நகரும். சாவியை அழுத்தும்போது மின்னழுத்தம் தாழ்ந்து, ‘டீ’ என்று ஒலிக்க வேண்டிய குறி குருவியின் கீச்சொலி போல் வளைந்து ஒலிக்கும். உரிமப் பகுதியின் ஓரத்தில் நின்று தொடங்கியவன், அறியாமலே அயலான் பகுதிக்குள் சென்றிருப்பான்.

குவார்ட்ஸ் படிகத்தின் இயல்பு வேறு. அதனை மெல்லிய தகடாக அறுத்து இரு முகங்களிலும் மின்னழுத்தம் கொடுத்தால் அஃது அதிர்கின்றது. அதிரும்போது தானும் மின்னழுத்தம் தருகின்றது. அதன் அதிர்வெண்ணை அதன் கனமே முடிவு செய்கின்றது. மெல்லிய தகடு விரைந்து அதிரும். கனத்த தகடு மெல்ல அதிரும். 7 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் கனம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சூடும் குளிரும் அதனைச் சிறிதே அசைக்கும். எனவே, படிகம் பொருத்திய பொறியை இயக்குவோன் எத்துணை அனுபவமற்றவனாயினும், படிகத்தின் மேல் பொறித்த எண்ணை விட்டு விலகான்.

இத்தகைய படிகங்கள் மலிவாகக் கிடைத்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது படைகளின் வானொலிகளுக்காகப் பிரேசில் நாட்டுக் குவார்ட்ஸைக் கொண்டு கோடிக்கணக்கில் படிகங்கள் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் அவை மிச்சச் சரக்காகக் கடைகளுக்கு வந்தன. இரண்டு ஊசிக்கால் பொருந்திய சிறு கருநிறச் சிமிழ்களாக அவை விற்பனையாயின. தனக்கு வேண்டிய எண் கிடைக்காதவன், சற்றுக் குறைந்த எண்ணுள்ள படிகத்தை வாங்கி, சிமிழைத் திறந்து, கண்ணாடித் தகட்டின் மேல் தேய்ப்புப் பொடியும் நீரும் இட்டு விரல் நுனியால் வட்டமாகத் தேய்ப்பான். தேயத் தேயக் கனம் குறைந்து அதிர்வெண் ஏறும். சிறிது தேய்த்துக் கழுவி உலர்த்திச் சோதித்தல் வேண்டும். மீண்டும் தேய்த்தல் வேண்டும். பொறுமையிழந்து ஒரு முறை மிகத் தேய்த்தவன் உரிமப் பகுதியைக் கடந்துவிடுவான். பென்சில் கரியைத் தகட்டின் மேல் பூசினால் அதிர்வெண் சிறிது தாழும். ஆனால் அந்த மருந்து சிறு பிழைக்கே உதவும்.

படிகங்களுக்குப் பணம் வேண்டும். ஆகவே பயில்வோர் பலரிடம் இரண்டு மூன்று படிகங்களே இருந்தன. அந்த இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டுமே அவர்கள் பேச இயலும். வலிமையான நிலையம் ஒன்று அதே புள்ளியில் வந்து அமர்ந்துவிட்டால் விலகிச் செல்ல வழியில்லை. இவர்களைப் ‘பாறையில் கட்டுண்டோர்’ என்று மற்ற அமெச்சூர்கள் வேடிக்கையாக அழைத்தனர். அழைத்தவனும் விடையளிப்பவனும் ஒரே எண்ணுள்ள படிகம் வைத்திருப்பது அரிது. ஆகையால் ஒருவன் பொது அழைப்பை அனுப்பிவிட்டு, அலைவாங்கியின் முள்ளைப் பகுதி முழுதும் மெல்ல நகர்த்தி, தன் அழைப்புக் குறி எங்கேனும் ஒலிக்கின்றதா என்று செவிசாய்ப்பான். பல குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும் இரைச்சலில் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தல் எளிதன்று. ஒரு நிமிடம் பேசப் பத்து நிமிடம் கேட்க வேண்டியிருந்தது. அலைபரப்பியைக் கட்டிப்போட்ட சட்டம், கேட்கும் செவியைக் கட்டவில்லை. நல்ல செவி அவ்வாறுதான் அமைந்தது.

எனினும், படிகம் எல்லாப் பிழையையும் தடுத்துவிடும் என்று நம்பியவன் ஏமாந்தான். 1960களில் நாவிஸ் உரிமத்தார்க்கு 3.700 முதல் 3.750 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு பகுதி உண்டு. எந்த அலைபரப்பியிலும் முதன்மை அலையோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு அலைகளும் சிறு அளவில் எழும். 3.7இன் இருமடங்கு 7.4. அமெச்சூர்களுக்கு உரிய பகுதியோ 7.3 மெகாஹெர்ட்ஸோடு முடிகின்றது. ஆதலின் 3.7இல் தட்டும் ஒருவனது குறி, அவன் அறியாமலே, அமெச்சூர்களுக்கு உரிமையில்லாத 7.4இலும் ஒலிக்கக்கூடும்.

இது நிகழும் விதத்தைச் சற்று விரிவாகக் காண்பது தகும். பயில்வோன் பொறியை இயக்கி, இறுதி நிலையின் மின்தேக்கியைத் திருகுகின்றான். மின்னோட்ட மீட்டரின் முள் ஓரிடத்தில் சட்டென்று தாழ்கின்றது. இசைவு கிடைத்ததற்கு அதுவே அடையாளம் என்று நூலில் படித்திருக்கின்றான். மகிழ்ந்து சாவியைத் தட்டுகின்றான். சோதனைக்காகப் பொருத்திய மின்விளக்கும் ஒளிர்கின்றது. ஆனால் அந்த முள் இரண்டு இடங்களில் தாழக்கூடும்: ஒன்று 3.7க்கு இசைவான இடம்; மற்றொன்று 7.4க்கு இசைவான இடம். தவறான இடத்தில் நிறுத்தினாலும் முள் தாழும், விளக்கும் எரியும். படிகம் தன் கடமையைச் சரியாகவே செய்கின்றது. 75 வாட்டும் மீறப்படவில்லை. இரு விதிகளையும் எழுத்துக்கு எழுத்துக் காத்தவன், இரவெல்லாம் அழைத்தும் தன் பகுதியில் ஒருவரும் மறுமொழி தராமை கண்டு சோர்ந்து உறங்கச் செல்கின்றான். சில நாள்களில் அஞ்சலட்டை ஒன்று வருகின்றது. வானலையைக் கண்காணிக்கும் தொண்டு பூண்ட மூத்த அமெச்சூர் ஒருவர், ‘தங்கள் குறி 7.4இல் கேட்கின்றது, பொறியைச் சரிபார்க்க’ என்று நட்போடு எழுதியிருக்கின்றார். அஃது அவனது நற்பேறு. அவருக்கு முன்னரே அரசின் கண்காணிப்பு நிலையம் கேட்டிருந்தால், அஞ்சலட்டைக்கு மாறாக விளக்கம் கோரும் அரசாணை வந்திருக்கும்.

இதற்கு மாற்று, சிறு சுருளும் மின்தேக்கியும் ஒரு சிறு விளக்கும் கொண்ட எளிய அலைமானியே. அதனை 3.7க்கும் 7.4க்கும் மாற்றி மாற்றி வைத்து, பொறியின் அருகே பிடித்தால், எந்த அதிர்வெண்ணில் ஆற்றல் எழுகின்றது என்பது விளக்கின் ஒளியால் தெரிந்துவிடும். அரை மணி நேரத்தில் கட்டக்கூடிய இக்கருவியைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அறிந்தோர் கட்டிக் கொண்டனர். அறியாதோர் அஞ்சலட்டை பெற்ற பின்னர்க் கட்டினர்.

21 மெகாஹெர்ட்ஸில் சிக்கல் தலைகீழாக நின்றது. அங்கே நாவிஸ் பகுதி 21.100 முதல் 21.250 வரை. அதனை எட்ட 7.05 போன்ற படிகத்தை மும்மடங்காக்குவர்; 21.15 கிடைக்கும். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் அவர்களுக்கு உரிய பகுதி 7.150 முதல் 7.200 வரையே. ஆகவே மும்மடங்காகாத மூல அலை சிறிது கசிந்தாலும், அது மூத்தோர்க்கு உரிய இடத்தில் போய் ஒலிக்கும். ஒரு சிமிழை மாற்றிச் செருகினால் போதும், பிழை பிறந்துவிடும்.

இத்தனைக்கும் நாவிஸ் உரிமத்தின் ஆயுள் முதலில் ஓராண்டே. அதனைப் புதுப்பிக்க இயலாது. ஓராண்டுக்குள் தந்திக் குறியின் விரைவைப் பெருக்கி, அடுத்த தேர்வில் தேறினால் வானலையில் நிற்கலாம். தேறாவிடில் சாவியை மூடி வைக்க வேண்டியதே. பள்ளிப் பாடமும் படித்து, பொறியும் கட்டி, பிழையும் திருத்தி, விரைவும் வளர்க்க ஓராண்டு பலர்க்குப் போதவில்லை. சிறிய ஆற்றலினும், அசையாப் படிகத்தினும், இந்த நாட்கெடுவே கடுமையான வரம்பு என்று கருத இடமுண்டு. 1967இல் செய்த மாற்றத்தால் உரிமக் காலம் ஈராண்டாயிற்று.

காலப்போக்கில் மற்றைய வரம்புகளும் தளர்ந்தன. நிலையான அதிர்வெண் தரும் பொறிகள் தொழிற்சாலைகளிலிருந்து வந்தபின், படிகத்தின் தேவை குறைந்தது. 1972இல் படிகக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1976இல் ஆற்றல் எல்லை 250 வாட்டாக உயர்ந்தது. 1991இல் தந்திக் குறித் தேர்வில்லாத வேறோர் உரிமம் வந்ததும், நாவிஸ் நாடுவோர் அருகினர். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 15க்குப் பின் புதிய நாவிஸ் உரிமம் வழங்கப்படவில்லை.

பிரிட்டன் நாடு இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டது. 2002இல் அங்கே தொடங்கிய அடிப்படை உரிமம், பயில்வோர்க்கு 10 வாட்டு மட்டுமே தந்தது. அதிர்வெண்ணை விருப்பம்போல் மாற்றிக் கொள்ளலாம். ஆனால் விலைக்கு விற்கப்படும் பொறியையோ, தரம் காணப்பட்ட தொகுப்பைக் கொண்டு கட்டிய பொறியையோதான் பயன்படுத்தலாம். தாமே வகுத்துக் கட்டிய அலைபரப்பிக்கு இடமில்லை. அமெரிக்கர், பயில்வோன் கட்டட்டும், படிகம் அவனைக் காக்கட்டும் என்று எண்ணினர். ஆங்கிலேயர், தொழிற்சாலை அவனைக் காக்கட்டும், கட்டுவதைப் பின்னர்க் கற்கட்டும் என்று எண்ணினர். முன்னவர் வழியில் பிழை மிகுதி. பொறியின் உள்ளே நிகழ்வதை அறிந்தோரும் மிகுதி. பின்னவர் வழியில் வானலை தூய்மையாக இருந்தது. பயில்வோனுக்கோ பொறி மூடிய பெட்டியாகவே இருந்தது.

2024 பிப்ரவரியில் அந்நாட்டு உரிம விதிகள் திருத்தப்பட்டன. அடிப்படை உரிமத்தாரின் ஆற்றல் எல்லை 25 வாட்டாக உயர்ந்தது; தம் பொறியைத் தாமே கட்டிக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தது. அவ்வாறு கட்டப்பெறும் பொறியிலும், 3.7 மெகாஹெர்ட்ஸில் எழும் அலையின் இருமடங்கு 7.4 தான்.